அரும்பு நிலையிலேயே நிற்கும் பிள்ளைகள்

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. அடுத்த கல்வியாண்டில் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. கொரோனாக் காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட வந்த திட்டம் இது. ஆனால் அதனுள் அதிகம் பேசப்படாத இன்னொரு பலன் இருக்கிறது. ஒரு குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகிக்க முதல் தடயம், நிலைக்கேற்பச் சொல்லிக்கொடுத்தும் அது நகராமல் நிற்பதுதான். வகுப்பாசிரியை அதை அன்றாடம் பார்க்கிறார். எந்த மருத்துவருக்கும் கிடைக்காத தகவல் அது.

அந்தத் தடயத்தைப் படிப்பதுதான் கடினம். தருமபுரி மாவட்டத்தில் இன்னும் கடினம். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது, சுமார் 68.5 சதவீதம். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்கோ திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. கூடவே அழைத்துச் செல்லப்பட்டுப் பாதி ஆண்டில் திரும்பி வருகிறவர்களும் உண்டு. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் சில வீடுகளில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். சித்தேரி மலையிலிருந்து வரும் குழந்தைக்குப் பள்ளித் தமிழே கொஞ்சம் அந்நியம். இவர்களோடு லேசாகக் காது மந்தமான குழந்தையும், கரும்பலகை தெரியாத குழந்தையும், டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு உள்ள குழந்தையும் அதே அரும்பு நிலையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாருக்கும் ஒரே முகம்: வாசிக்க வரவில்லை.

பள்ளியில் இவர்கள் அனைவருக்கும் கிடைக்கும் ஒரே பெயர் 'மெல்லக் கற்போர்'. இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுதான் என்பேன். விளைவுக்குப் பெயர் வைத்தவுடன் காரணத்தைத் தேடுவது நின்றுபோகிறது. பிறகு எல்லாருக்கும் ஒரே மருந்து: மாலையில் அதே பாடம், அதே முறையில், இன்னொரு தடவை. பெற்றோரோடு வெளியூர் போய் வந்த பிள்ளைக்கு அது பலிக்கும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தோல்வி மறுபடியும் ஒருமுறை நேரும், அவ்வளவே.

தமிழில் வேறு ஒரு நுணுக்கம் உண்டு. ர-ற, ல-ள-ழ மாற்றி எழுதுவதைக் குறைபாட்டின் அடையாளமாக எடுத்தால் பாதி வகுப்பு பட்டியலில் ஏறிவிடும். பேச்சில் அந்த வேறுபாடுகளே மங்கிவிட்டன. கவனிக்க வேண்டியது வேறு. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால்; ஒலியோ மெய்க்குப் பிறகு. மூன்றாம் வகுப்பிலும் இதைச் சேர்த்துச் சொல்ல முடியாமல், வாய்மொழியாகக் கேட்டால் கதை முழுவதையும் தெளிவாகச் சொல்லும் குழந்தையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைக் கண்டறிய 'நலம் நாடி' செயலி இருக்கிறது. வட்டார வள மையங்களில் மருத்துவ மதிப்பீட்டு முகாம்களும் நடக்கின்றன. சக்கர நாற்காலியும் காதொலிக் கருவியும் வீட்டுவழிக் கல்வியும் இந்த வழியாகத்தான் ஏழை வீடுகளை எட்டுகின்றன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முகாம் என்பது கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டுக்குத் தோதான இடம். கற்றல் குறைபாட்டை ஒரு காலை நேர வரிசையில் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்படி அதற்கான சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே. நுண்ணறிவுச் சோதனையும் தனிச் சோதனையும் தேவை. மருத்துவ உளவியலாளர் வேண்டும்.

எட்டு வயது வரம்பு நியாயமானதே. வாசிப்பு தாமதமாக வரும் பிள்ளைகளுக்கு அவசரமாக முத்திரை குத்தக்கூடாது. ஆனால் சான்றிதழ் வரும்வரை கற்பிக்கும் முறையையும் மாற்றாமல் காத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து தகுந்த கற்பித்தல் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. சான்றிதழை அது நிபந்தனையாக்கவில்லை. மகளுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் நாளைக்குக் கல்யாணம் என்னாகும் என்று அஞ்சும் தாய்க்கும், சான்றிதழ் வேறு, கற்பிக்கும் முறையை மாற்றுவது வேறு என்பது புரியவைக்கப்பட வேண்டும்.

இதையெல்லாம் செய்ய வேண்டியவர்கள் தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக அலையும் சிறப்பாசிரியர்கள். தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஏற்றது; நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 2024-25க்கான சமக்ர சிக்ஷா கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. சிறப்பாசிரியர்களின் ஊதியம் அந்தத் திட்டத்தைச் சார்ந்தது.

பணியிடங்கள் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு பருவமாக அரும்பு நிலையைத் தாண்டாத பிள்ளைகளின் பெயர்களை வகுப்பாசிரியையும் சிறப்பாசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். முதலில் கண்ணும் காதும். பிறகு வருகைப் பதிவேடு, வீட்டுமொழி. இவற்றில் எதுவும் காரணமில்லை என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை பஸ்ஸுக்குச் செலவழித்து, ஒருநாள் கூலியும் இழந்து வரும்படி பெற்றோரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.