அரசனின் குதியும் தெருவின் நகைப்பும்

ஆடையணிகள் பற்றிய ஆராய்ச்சி நம்மிடையே பெரும்பாலும் பண்பாட்டு வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், ஒரு சமுதாயம் எதனை இயல்பு என்று கொள்கின்றது, எதனைக் கண்டு நகைக்கின்றது என்பனவற்றை அறிவதற்கு ஆடை தெளிவான சான்றாகும். குதியுயர்ந்த சப்பாத்தணிந்து தெருவிற் செல்லும் ஓர் ஆணைக் காண்போர் முதலில் திரும்பிப் பார்க்கின்றனர், பின்னர் நகைக்கின்றனர், சிலவேளைகளில் அந்நகைப்பு வசையாகவும் வன்முறையாகவும் மாறிவிடுகின்றது. அது ஆணின் இயல்புக்கு மாறானது என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். இந்த ‘இயல்பு’ எத்தகையது என்பதை ஓர் ஓவியம், ஒரு திரைப்படம், ஓர் ஊர்வலம் ஆகிய மூன்றையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1701ஆம் ஆண்டில் இயசாந்த் றிகோ வரைந்த, பிரெஞ்சு மன்னன் 14ஆம் லூயியின் உருவப்படம் பாரிஸ் நகரின் லூவர் அரும்பொருளகத்தில் உள்ளது. அறுபது வயதைக் கடந்துவிட்ட மன்னன் தன் முடிசூட்டு மேலங்கியை ஒருபுறம் ஒதுக்கி, வெண்ணிறக் காலுறையணிந்த கால்களை வெளிக்காட்டி நிற்கின்றான். தலையில் அடர்ந்த பொய்முடி, இடையில் வாள், காலில் செந்நிறக் குதியுடைய சப்பாத்து. வாளும் குதியும் ஒரே உடலில் முரண்பாடின்றி அமைந்திருப்பது நோக்கற்பாலது. ஓவியர் எதனையும் மறைக்க முயலவில்லை. காண்போரின் கண் கால்களை நோக்கிச் செல்லுமாறே மேலங்கியின் மடிப்புகள் அமைந்துள்ளன. அன்றைய பிரெஞ்சு அரசவையிற் செந்நிறக் குதி உயர்குடியினருக்குரிய அடையாளமாயிருந்தது. அவ்வவை அதனை அதிகாரத்தின் சின்னமாகக் கண்டதேயன்றிப் பெண்மையின் சின்னமாகக் காணவில்லை.

குதியின் பிறப்பும் இதனையே வலியுறுத்தும். ரொறன்ரோ நகரின் பாட்டா சப்பாத்து அரும்பொருளகத்தில் 2015இல் ஆண்களின் குதி வரலாறு பற்றிய கண்காட்சியை அமைத்த எலிசபெத் செமெல்ஹக், அதன் தோற்றுவாயை மேற்காசியக் குதிரைவீரரிடம் காண்கின்றார். பாரசீக வீரன் அங்கவடியில் எழுந்து நின்று அம்பெய்கையில், கால் வழுவாதிருக்க உதவியது குதியே. ஷா அப்பாஸ் மன்னன் 1599இல் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு அனுப்பிய காலத்தையடுத்து, அங்குள்ள உயர்குடியினர் குதியை வீரத்தின் சின்னமாக மேற்கொண்டனர். போர்க்களத்திற் பயன் தந்த ஒன்று, அரசவையிற் பயனற்றதாகிய நிலையிலேயே பெருமதிப்புப் பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. சேற்றிலும் வயலிலும் உழைப்பவன் அணியமுடியாத சப்பாத்து, உழைக்கத் தேவையில்லாதவனின் பெருமையாயிற்று.

இந்நிலை எவ்வாறு மாறியது? 18ஆம் நூற்றாண்டின் அறிவொளிக் காலச் சிந்தனை ஆணைப் பகுத்தறிவோடும் பெண்ணை அலங்காரத்தோடும் இணைத்து நோக்கிற்று. ஆண்களின் குதி படிப்படியாகத் தாழ்ந்து மறைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஆண்கள் ஆடையழகையே கைவிட்டமையை, உளவியலாளர் ஜே. சீ. ஃபுளூகல் 1930இல் வெளியிட்ட தமது நூலில் ‘ஆண்களின் பெருந்துறவு’ என வருணித்தார். பிரெஞ்சுப் புரட்சியோடு மேலெழுந்த சமத்துவம், உழைப்பு ஆகிய விழுமியங்களோடு அதனைத் தொடர்புபடுத்தினார். ஆண் துறந்த குதி பெண்ணிடம் எஞ்சியது. எஞ்சியபின் அதுவே பெண்ணின் பகுத்தறிவின்மைக்குச் சான்றாகவும் காட்டப்பட்டது.

ஆயினும் ஆண்களின் குதி முற்றாக அழிந்துவிடவில்லை. அமெரிக்க மேற்குப் புலத்து மாடு மேய்ப்போரின் பூற்ஸ் குதியுயர்ந்ததே; அங்கவடியிற் காலை நிறுத்தும் அதே தேவைக்கே அது பயன்பட்டது. திரையில் அதனையணிந்து வரும் வீரனைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. ஆகவே, நகைக்கப்படுவது ஆணின் காலிலுள்ள உயரமன்று, ஆணிடம் காணப்படும் பெண்மையே என்பது தெளிவு. பெண்மை தாழ்வானது என்ற கருத்து இல்லாவிடின் இந்நகைப்புக்கு இடமேயில்லை.

ஜூலியன் ஜறோல்ட் நெறியாள்கை செய்த ‘கிங்கி பூற்ஸ்’ (2005) என்னும் திரைப்படம் இப்பிரச்சினையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றது. இங்கிலாந்தின் நோதாம்ரன் பகுதிச் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் உண்மைக் கதையைத் தழுவியது அது. தந்தை விட்டுச்சென்ற தொழிற்சாலை மூடப்படும் நிலையில், சாளி என்னும் இளைஞன், பெண்ணுடையில் மேடையேறும் லோலா என்னும் கலைஞரின் துணையோடு, ஆணின் எடையைத் தாங்கவல்ல குதியுயர்ந்த பூற்ஸ் தயாரிக்க முனைகின்றான். படத்தின் சிறந்த பகுதி அதன் வெற்றிக் காட்சியன்று. உணவகமொன்றிற் பெண்ணுடையில் வந்து நிற்கும் லோலாவைச் சாளியே இழிவுபடுத்தும் காட்சியாகும். எவருடைய துணையில் தன் பிழைப்புத் தங்கியுள்ளதோ, அவரையே பொதுவிடத்திற் காண அவன் நாணுகின்றான். நமது நாட்டுக்கூத்து மரபிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்றாடினர். ஊர் அதனை மனமுவந்து ஏற்றது. ஆனால் களரியின் எல்லையே அவ்வேற்பின் எல்லையுமாயிற்று.

படம் தான் எழுப்பிய வினாவை இறுதிவரை தொடரவில்லை என்பதே அதன் குறைபாடு. தொழிலாளரின் காழ்ப்பு தொழிற்சாலையின் மீட்சியோடு கரைந்துவிடுகின்றது. மிலான் நகரக் காட்சிமேடையிற் சாளி தடுமாறி விழ, லோலாவும் குழுவினரும் வந்து மானங்காக்கின்றனர். சந்தைக்குப் பயன்படும் வரையில் வேறுபாடு சகிக்கப்படும் என்பதே இதன் உட்பொருள். சந்தைக்குப் பயன்படாத, மேடையேறாத ஒருவன் அதே சப்பாத்துடன் பஸ் தரிப்பிடத்தில் நின்றால் அவனுக்கு யார் துணை? படம் இதற்கு விடை கூறவில்லை.

மூன்றாவது, 2001இல் ஃபிராங்க் பெயர்ட் என்பவர் கலிபோர்னியாவில் தொடக்கிவைத்த ஊர்வலம். பெண்களுக்கெதிரான பாலியல் வன்முறையைக் கண்டித்து, ஆண்கள் குதியுயர்ந்த பெண்கள் சப்பாத்தணிந்து ஒரு மைல் தூரம் நடப்பர். நோக்கம் போற்றத்தக்கது, பேசத் தயங்கும் விடயத்தைத் தெருவுக்குக் கொணர்ந்தமையும் சிறிய காரியமன்று. எனினும், ஆண் குதியணிவது நகைப்புக்குரியது என்ற முற்கோளை மாற்றாது, அதனையே இவ்வூர்வலம் பயன்படுத்துகின்றது. தூரம் முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிடலாம் என்பதனாலேயே அந்நடை பாதுகாப்பானதாகின்றது. 2015இல் அமெரிக்க இராணுவப் பயிற்சி மாணவர் சீருடையுடன் செந்நிறக் குதியணிந்து நடந்தபோது, சீருடை இழிவுபட்டதெனக் கண்டனம் எழுந்தது. குதிரைப்படையிலிருந்து வந்த குதி படைச் சீருடைக்கு இழுக்காயிற்று என்பது வரலாற்றின் முரண்நகை.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். இலண்டனில் வரவேற்பாளராகப் பணியாற்ற வந்த பெண்ணொருவர், தட்டையான சப்பாத்தணிந்தமைக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2016இல் அவர் தொடக்கிய முறையீட்டில் 150,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட, 2017இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதனை விவாதித்தது. ஒருவர் அணியாமைக்காகவும் மற்றொருவர் அணிந்தமைக்காகவும் தண்டிக்கப்படுகின்றனர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

நகைப்பு தீங்கற்றது என்று கூறுவோருளர். பகிடியும் வதையும் இணைந்து ஒரே சொல்லாகிவிட்ட வளாகங்களிற் பயிலும் நமக்கு அவ்வாறு கூறும் உரிமையில்லை. பகிடிவதையைத் தடைசெய்ய இந்நாட்டில் 1998இல் சட்டமொன்று தேவைப்பட்டது. ஒருவனது நடையையும் உடையையும் ‘ஆண்மைக்கு ஒவ்வாதது’ எனக் கண்டு நகைத்தல் அவ்வதையின் முதற்படியாகும். இயல்பு என நாம் நம்பும் ஒன்று வரலாற்றில் உருவானது என்று காட்டுவது திறனாய்வின் பணி. அப்பணி றிகோவின் ஓவியத்தோடு முடிந்துவிடுவதன்று. நமது விடுதி வாயிலிலும் விரிவுரை மண்டபத்து வரிசைகளிலும் நாம் எவரைக் கண்டு, எதற்காக நகைக்கின்றோம் என்று வினவுவதும் அதன் பாற்பட்டதே.