கருவிகளை நம்பும் கல்வி

ரொறன்ரோவின் துறைமுகத் தீவிலுள்ள பில்லி பிஷப் விமான நிலையத்திலிருந்து சிறு விமானமொன்றில் கிளம்பித் தெற்கே திரும்புகிறவன், புழுக்கம் மண்டிய கோடைப் பிற்பகல்களில், ஒன்ராறியோ ஏரியின் சாம்பல் நீரும் அதே நிறத்து வானும் கலந்து தொடுவானம் என்ற கோடே அழிந்துபோவதைக் காண்பான். மேகமில்லை, சட்டம் கேட்கும் பார்வைத் தூரமும் இருக்கிறது, ஆயினும் எது மேல், எது கீழ் என்று நிச்சயிக்கக் கண்ணுக்கு ஓர் ஆதாரமில்லை. பொழுதுபோக்குக்காகப் பறக்கும் தனியார் விமானிக்குக் கருவிப் பறப்புப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஏரியே முதல் விடை.

காதினுள்ளிருக்கும் அரைவட்டக் குழாய்கள் சுழற்சியின் மாற்றத்தை உணருமேயன்றி, நிலைத்துவிட்ட சுழற்சியை உணரா. விமானம் மெல்லச் சாய்ந்து அச்சாய்விலேயே நின்றுவிட்டால், உடம்பு நேராகப் போகிறோம் என்றே சாதிக்கும். அந்தப் பிரமையை நம்பியவன் சுருண்டு சுருண்டு கீழே பாய்கிறான். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் கருவிப் பயிற்சியற்ற 20 பேரை, வெளியே பார்க்க இயலாதபடி செய்து, சோதித்தபோது அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் 178 விநாடி. பயமுறுத்துவதற்கென்றே இந்த எண்ணைப் பலர் எடுத்தாளுகிறார்கள். அதே மனிதர்கள் சொற்பப் பயிற்சி பெற்றபின், அநேகமாக ஒவ்வொரு முறையும் விமானத்தைத் திருப்பிக்கொண்டு பத்திரமாக வெளியேறினர் என்ற பின்பாதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

கனடாவின் சட்டம் தனியார் விமானிக்கு விதிக்கும் குறைந்தபட்ச 45 மணி நேரத்தில் 5 மணி நேரம் கருவிப் பயிற்சியாக இருப்பது, ஆகவே, வெறும் சம்பிரதாயமன்று. ஆனால் அது நடத்தப்படும் விதத்தில் ஒரு போலித்தனம் உண்டு. மாணவன் ஹூட் எனும் முகமறைப்பை அணிந்துகொண்டு, செயற்கை அடிவானம், உயரமானி, வேகமானி என்று மாறிமாறிப் பார்வையைச் செலுத்துகிறான். மறைப்பின் ஓரத்தில் கசியும் வெயில் அவன் அறியாமலே அவனுக்குத் திசை சொல்லிவிடுகிறது; அதனினும் பெரிய குறை, குருட்டுப் பறப்பு எப்போது தொடங்கும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது. மெய்யான அபாயமோ, வெளியே நோக்கிக்கொண்டிருப்பவன் இன்னும் சற்றுத் தூரம் போய்ப் பார்க்கலாம் என்று எண்ணும்போது வருகிறது.

இந்தப் பயிற்சிக்கும் மேலான, மேகத்துள் பறக்க அனுமதி தரும் கருவித் தகுதிக்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சி வேண்டும். அதில் 20 மணி வரை தரையிலுள்ள பாவனைச் சாதனத்தில் கழிக்கலாம். அதனால் வானொலிப் பேச்சில் லாகவமும், உயரத்தையும் திசையையும் இம்மி பிசகாமல் காக்கும் ஒழுங்கும் வரும் என்பதில் சம்சயமில்லை. எனினும் இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேகத்துள் நுழைவது பெரும்பாலும் உறைபனிக்குள் நுழைவதாகும். இறக்கையில் படியும் பனியை அகற்றும் சாதனம் சாதாரண செஸ்னா 172-இல் கிடையாது. பெருஞ்செலவில் பெற்ற அனுமதியை ஆண்டின் பாதியில் பிரயோகிக்க முடியாதிருக்க, பழக்கம் விட்டுப்போன கையும், விட்டுப்போகாத தன்னம்பிக்கையும் ஒருவனிடமே சேர்ந்துவிடுகின்றன. பயிற்சியே பெறாதவனைக் காட்டிலும் இவனுக்காகத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

எனவே, வார இறுதிகளில் மட்டும் பறப்பவரை முழுத் தகுதிக்குத் தூண்டுவதைவிட, அந்த 5 மணி நேரத்தில் ஒன்றையேனும், செப்டம்பர் மாதத்து உறையாத தாழ்மேகத்தினுள், கருவித் தகுதி பெற்ற ஆசிரியர் அருகிருக்க, ஹூட் இன்றிக் கழிக்கச் செய்வது உசிதமென்பது என் அபிப்பிராயம். அதற்கேற்ற விமானமும் பறப்புத் திட்டமும் வேண்டும். பாடக் கட்டணம் சற்றுக் கூடும். பொருத்தமான வானிலைக்குக் காத்திருக்கவும் நேரும்.