விற்கும் பாட்டு, வாங்கும் பாட்டு: மலாக்காச் செட்டிகளின் டொண்டாங் சாயாங்

மலாக்கா மாநிலத்துத் தமிழர் இசை என்றதும் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களும் காவடிக்கு முன்னே முழங்கிச் செல்லும் உறுமி மேளமுமே பலருக்கு நினைவில் எழும். அதே மாநிலத்தின் நகர்ப்புறத்தில், காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகளோ, வட்டமாகக் கூடியமர்ந்து பாடும் டொண்டாங் சாயாங் என்ற முற்றிலும் வேறுவகையான கலையில் பங்குடையவர்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்த இவர்கள், பேச்சில் மலாயை ஏற்றுக்கொண்ட பின்னும் சைவத்தையும் பொங்கலையும் கைவிடவில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இச்சமூகம் எழுப்பியதே. மலாய்க்காரர், பாபா நியோன்யா, போர்த்துக்கீசிய வம்சாவளியினர் ஆகிய மூவரோடு செட்டிகளும் சேர்ந்து நாற்சமூகத்தார் காத்துவந்த இக்கலையை, 2018இல் மொரிசியஸில் கூடிய யுனெஸ்கோ குழு மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

டொண்டாங் சாயாங்கில் பாடப்படுவது பந்துன். நான்கு அடிகளாலான இந்த மலாய்ச் செய்யுளில் முதலடியும் மூன்றாமடியும், இரண்டாமடியும் நான்காமடியும் இயைபுபட முடியும். முதல் இரண்டடிகளுக்குப் பெம்பாயாங் என்று பெயர். ஆறு, மரம், பறவை, சந்தை என ஏதேனும் ஒரு காட்சியைச் சொல்லி, பின்னிரண்டடிகளில் வரவிருக்கும் பொருளின் நிழலை அவை முன்கூட்டியே விழச்செய்யும். சங்க அகப்பாடலில் இயற்கைக் காட்சிக்குள் பொருளை மறைத்துவைக்கும் இறைச்சி என்னும் உத்தியில் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் அங்கே புலவர் ஓலையில் எழுதி முடித்ததை இங்கே பாடகர் மேடையிலேயே, மெட்டு நகர நகர, இட்டுக்கட்டியாக வேண்டும் என்பதே வேறுபாடு. ஆணும் பெண்ணுமாக இருவர் மாறி மாறிப் பாடுகையில், முதலில் பாடுபவர் பந்துனை ‘விற்கிறார்’, மறுமொழி தருபவர் அதை ‘வாங்குகிறார்’ என்பது அரங்கின் வழக்கு. விற்றதை வாங்க வகையறியாது தடுமாறுபவர் சபையின் சிரிப்புக்கு ஆளாக வேண்டியதுதான். தமிழ்நாட்டு லாவணியில் மன்மதன் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து மோதுவோரிடம் உள்ள வாதச்சூடு இதில் இல்லை; கிராமத்து எசப்பாட்டின் குறும்புக்கே இது நெருக்கமானது.

அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த பில் மன்றோ வழி உருவான புளூகிராஸ் இசையிலும் கலைஞர்கள் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கொரு முறை முன்னெடுத்து வாசிப்பது உண்டு. அந்த வட்டத்தில் சேர விரும்புபவர் எல்லோருக்கும் பொதுவான பாடல்கள் பலவற்றை அறிந்திருக்க வேண்டும். டொண்டாங் சாயாங்கில் மெட்டு பெரும்பாலும் ஒன்றே. முப்பத்திரண்டு தாளக்கட்டுகள் கொண்ட, சற்றே மெதுவான அந்த மெட்டை முதலில் வயலின் எடுக்கும். ரெபானா என்னும் ஒருமுகப் பறை சேரும். பின்பு தெத்தாவாக் எனப்படும் தொங்கும் வெண்கல மணி கட்டின் எல்லையைக் குறித்துக் கனமாக ஒலிக்கும். அதன் பிறகே குரல். பாடல் இருப்பு என்று தனியாக எதுவும் தேவைப்படாத இக்கலையில் மெட்டு மாறாதிருப்பதே சிறப்பு எனலாம், ஏனெனில் காது மெட்டைத் தேடி அலையாமல் சொல்லின் மீதே நிற்கிறது.

மெட்டு ஒன்றாயினும் வயலின்காரருக்கு ஓய்வில்லை. பாடகர் அடியை முடித்து அடுத்த சொல்லுக்குத் தயங்கும் அரைக்கணத்தில், வில்லை மெல்ல இழுத்து, இரு சுரங்களுக்கிடையே வழுக்கி, யோசிக்க இடம் தருபவர் அவரே. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதரின் மரபில் கருவியின் தலை காலின்மேல் சாய்ந்திருக்கும். இங்கோ ஐரோப்பிய முறைப்படி அது தோளில் அமர்கிறது. மலாக்காவின் ஈரக்காற்றில் முறுக்காணிகள் ஊதி இறுகிக்கொள்வதும், வில்லின் குதிரைமுடியில் தேய்க்கும் ரோசின் கட்டி பிசுபிசுப்பதும் வாடிக்கை. ஆகவே ரோசினைக் குறைத்துத் தடவவும், ஆணியில் சிறிது பென்சில் கிராஃபைட்டைப் பூசித் திருப்பவும், வாசித்து முடிந்ததும் நரம்புகளைத் துணியால் துடைக்கவும் பழகியிருப்பது, விரலோட்டத்துக்கு நிகரான தேர்ச்சியாகும்.

ரெபானாவுக்கு வேண்டிய துணைப்பொருள் இன்னும் எளியது. மழைநாளில் தோல் தளர்ந்து ஒலி மந்தமாகும்போது, செடாக் என்னும் நீண்ட பிரம்புத் துண்டை வளைத்து, தோலுக்கும் மரச்சட்டத்தின் விளிம்புக்கும் இடையிலான இடுக்கில் உட்பக்கமாக நெருக்கிச் செருகுவர். பிரம்பு உள்ளிருந்து தோலை உந்த, சுருதி ஏறும். நிகழ்ச்சி முடிந்ததும் அதை உருவிவிட வேண்டும், இல்லையெனில் தோல் நிரந்தரமாகத் தொய்ந்துவிடும். உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலை உரசி விம்மலை எழுப்புவதில் காட்டும் நுட்பத்தை வியக்கும் தோட்டத்து ரசிகர், இந்தப் பிரம்புத் துண்டையும் ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கலாம். இரண்டு ரெபானாக்களில் ஒன்று அடித்தளத்தைப் பிடிக்க மற்றொன்று இடைவெளிகளில் எதிரடி கொடுக்கும்போது, ஒன்றின் தோல் மட்டும் தளர்ந்திருந்தால் அந்தக் கேள்வி பதில் முழுவதும் குழம்பிவிடும்.

அண்மைக்காலத்தில் அக்கார்டியனும் புல்லாங்குழலும் சேர்ந்திருக்கின்றன, கேட்க இனிமையே. மின்விசைப்பலகை ஒன்றே அனைத்துக்கும் போதும் என்று எண்ணும் மேடைகளைத்தான் ஏற்க முடிவதில்லை. விசைப்பலகை அடுத்த கட்டுக்குத் தவறாமல் நகர்ந்துவிடுகிறது, பாடகரோ இயைபுச் சொல் கிடைக்காமல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.