மேற்கோள் கணக்கும் ஆராய்ச்சி உலகமும்

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் வந்த எத்தனை கட்டுரைகள் எடுத்தாண்டிருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது மேற்கோள் கணக்கு. யாருக்கு வேலை, யாருக்குப் பதவி உயர்வு, எந்தத் திட்டத்துக்கு நிதி என்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் இது பிறந்தது நூலகத் தேடலுக்காக. ஆளை எடை போடுவதற்காக அல்ல.

இதன் வேர் சட்டத் துறையில் இருக்கிறது. பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதாடப் போகும் வக்கீலுக்கு, அது இன்னமும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873இல், ஒவ்வொரு தீர்ப்பையும் பின்னாளில் எந்தெந்தத் தீர்ப்புகள் குறிப்பிட்டன என்று பட்டியலிட்டு விற்கத் தொடங்கினார். அறிவியலுக்கும் இத்தகைய அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். பிலடெல்பியாவில் அவர் தொடங்கிய அறிவியல் தகவல் நிறுவனம், 613 இதழ்களை அலசி, 1960களின் தொடக்கத்தில் முதல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. ஒரே பொருளை வேதியியலார் ஒரு பெயராலும் மருத்துவர் வேறு பெயராலும் அழைக்கும்போது பொருள் அகராதியை வைத்துத் தேடுபவர் பாதியைத் தவறவிடுவார். மேற்கோளைப் பிடித்துக்கொண்டு போனால் துறை எல்லைகள் குறுக்கே நிற்பதில்லை. பழைய கட்டுரையிலிருந்து அதன் பின்வந்த ஆய்வுகளுக்குப் போய்ச் சேரலாம். தேடும் முறையாக இது அருமையான கண்டுபிடிப்பு. இன்று இணையத்தில் கட்டுரை தேடும் ஒவ்வொருவரும் அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கக் கார்ஃபீல்டும் இர்விங் ஷெரும் வகுத்த அளவுகோல்தான் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ எனப்படும் தாக்கக் காரணி. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. இதழுக்கான இந்தச் சராசரி, பிறகு அதில் எழுதியவரின் மதிப்பெண்ணாக மாறியதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம்.

அது எவ்வளவு பிழையான மாற்றம் என்பதற்குப் படிகவியல் இதழான ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ ஒன்றே போதும். 2008இல் அதன் தாக்கக் காரணி சுமார் 2. அந்த ஆண்டு ஜார்ஜ் ஷெல்ட்ரிக், படிக அமைப்பைக் கணிக்கும் தம் ‘ஷெல்எக்ஸ்’ நிரல்தொகுப்பின் வரலாற்றை அதில் எழுதினார். நிரலைப் பயன்படுத்திய அனைவரும் அந்தக் கட்டுரையையே மேற்கோளாகக் காட்ட, அடுத்த ஆண்டு இதழின் தாக்கக் காரணி 50ஐ நெருங்கியது. இரண்டாண்டுக் கணக்கிலிருந்து அக்கட்டுரை விலகியதும் பழைய நிலைக்கே இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் அதில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு இருபத்தைந்து மடங்கு உயரவும் இல்லை, பிறகு தாழவும் இல்லை.

இதழை விட்டுத் தனிமனிதரையே அளக்கும் எண்ணை 2005இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் முன்வைத்தார். ஒருவரின் கட்டுரைகளில் இருபது, தலா இருபது மேற்கோளாவது பெற்றிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 20. இது காலத்தோடு ஏறுமே தவிர இறங்காது. ஆகவே மூத்தவருக்கே சாதகம். புகழ் பெற்றவருக்கே மேலும் புகழ் சேரும் இந்தப் போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968லேயே ‘மத்தேயு விளைவு’ என்று பெயரிட்டு விளக்கியிருந்தார்.

எண்ணுக்குப் பரிசு வைத்தால் எண் பெருகும். சீனப் பல்கலைக்கழகங்கள் ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இதழ்களில் வரும் ஒரு கட்டுரைக்குச் சராசரியாக 40,000 டாலருக்கும் மேல் கொடுத்த காலம் உண்டு. 2020இல் அரசே இத்தகைய பணப்பரிசை நிறுத்தச் சொன்னது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியர்களின் பதவி உயர்வைக் கட்டுரைப் புள்ளிகளோடு இணைத்தன. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்தே 2018இல் 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. பெரிய பதிப்பகங்களும் தப்பவில்லை: கட்டுரைகளை மொத்தமாகத் தயாரித்து விற்கும் கூட்டங்களின் ஊடுருவலால் ஹிந்தாவி பதிப்பகம் 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

மோசடியைவிட ஆழமான பாதிப்பு, எதை ஆராய்வது என்ற தேர்வில் இருக்கிறது. பெரிய அட்டவணைகளில் ஆங்கில இதழ்களின் ஆதிக்கம் மிகுதி. காவிரிப் படுகையில் நெல்லைத் தாக்கும் ஒரு பூச்சியைப் பற்றி உழவருக்குப் புரியும் மொழியில் எழுதப்படும் ஆய்வு, வயலில் எவ்வளவு பயன்பட்டாலும் இந்தக் கணக்கில் ஏறாது. தமிழியலில் நிலைமை இன்னும் கடினம். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைத் திரட்டிப் பதிப்பது பல்லாண்டு உழைப்பு, உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணி இன்றும் ஆய்வுக்கு அடிப்படையாக நிற்கிறது. இரண்டாண்டுக்குள் மேற்கோள் தேடும் அளவுகோலால் அத்தகைய பணியைப் பார்க்கவே முடியாது. இளம் ஆய்வாளர் பதிப்புப் பணியை விட்டுவிட்டு, ‘ஸ்கோபஸ்’ என்ற மேற்கோள் அட்டவணையில் உள்ள இதழ்களுக்கேற்ற சிறு கட்டுரைகளுக்குப் போவதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. இழப்பு மொழிக்குத்தான்.

மாற்று முயற்சிகள் பலவகை. பிரேசில் 1990களின் இறுதியில் ‘சைஎலோ’ என்ற திறந்த இதழ்த் தொகுப்பைத் தொடங்கி, போர்த்துகீசிய, ஸ்பானிய மொழி ஆய்வுகளுக்கு இடம் அமைத்தது. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்ற அறிக்கை 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உயிரணு உயிரியலார் கூட்டத்தில் உருவானது. எண்கள் நிபுணரின் தீர்ப்புக்குத் துணை நிற்க வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது 2015இல் வந்த லைடன் அறிக்கையின் முதல் கோட்பாடு. கட்டணமில்லாத ‘ஓப்பன்அலெக்ஸ்’ தரவுத்தளம் 2022இல் வந்த பிறகு, பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் கார்ஃபீல்டின் அட்டவணையிலிருந்து வளர்ந்த ‘வெப் ஆஃப் சயின்ஸ்’ சந்தாவை நிறுத்திவிட்டு அதற்கு மாறியது. மானியக் குழுவும் தன் ‘கேர்’ இதழ்ப் பட்டியலை 2025இல் கைவிட்டு, இதழின் தரத்தை முடிவுசெய்யும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே ஒப்படைத்திருக்கிறது. கட்டுரையைப் படித்துப் பார்த்து மதிப்பிடும் ஆட்களும் நேரமும் அந்த நிறுவனங்களில் எத்தனைக்கு உண்டு என்பதைப் பொறுத்தே இதன் விளைவு அமையும்.