பொருத்தம் பார்த்த கல்லூரி

பிளஸ் டூ முடிவுகள் வரும் வாரத்தில் வெளியாகும் கல்லூரி வழிகாட்டி இணைப்பிதழ்களை நான் சேர்த்து வைப்பதுண்டு. தமிழ் வாத்தியாருக்கு அவற்றில் என்ன வேலை என்று வீட்டில் கேட்பார்கள். வினைச்சொற்களைப் பார்ப்பதுதான் வேலை. நான் சேர்த்து வைத்தவற்றில் மகன் கல்லூரியில் 'சேர்கிறான்'; மகளைக் கல்லூரிக்கு 'அனுப்புகிறோம்'. அவனுக்கு வேலைவாய்ப்பு பற்றிய பத்தி. அவளுக்கு விடுதிக் கட்டுப்பாடு, கல்லூரிப் பேருந்து, வீட்டிலிருந்து தூரம். இருவருக்கும் பொதுவான பெயரடை ஒன்றுதான்: 'பொருத்தமான'. இந்தச் சொல் நம் வீடுகளுக்குள் எந்த வழியாக வந்தது என்று தெரியும். பத்துப் பொருத்தம் பார்க்கப் பெண்ணிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவள் நட்சத்திரம் போதும்.

சென்ற மே மாதம் மாணவிகளோடு காவலூர் போயிருந்தேன். 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் ஊர். அன்று மேகம் மூடிக்கொண்டது; டீக்கடையில் உட்கார்ந்துவிட்டோம். கடைக்காரப் பெண்மணி நான் கல்லூரியில் வேலை பார்ப்பது தெரிந்ததும் மகளை இழுத்து முன்னால் நிறுத்தினார். "பாப்பா பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டா மேடம். எந்த காலேஜி நல்ல காலேஜிங்க?"

நான் பேசினேன். வாணியம்பாடி, திருப்பத்தூர், வாலாஜாபேட்டை அரசு மகளிர் கல்லூரி என்று வரிசையாகச் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்றேன். "ஹாஸ்டல் பாதுகாப்பா இருக்கும்" என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் அம்மாவைப் பார்த்தே சொன்னேன். நான் சேர்த்து வைத்த இணைப்பிதழ்களின் மொழி என் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

என் பதினேழு வயதில் எங்கள் ஊர் மகளிர் கல்லூரியில் தமிழில் இடம் இருந்தது, அப்பா சேர்த்துவிட்டார். தமிழ் படித்ததில் எனக்கு வருத்தமில்லை. அது என் தேர்வு என்று நேர்காணல்களில் சொல்லியிருக்கிறேன். பொய்தான்.

இணைப்பிதழ்களின் அளவுகோலை முத்துலட்சுமி ரெட்டிக்கு வைத்துப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சேர்ந்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, ஆண்கள் படித்த இடம். எதிர்ப்பு இருந்தது, மன்னரின் அனுமதியோடுதான் நுழைந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1912இல் பட்டம் பெற்றார். தூரம், துணை, பாதுகாப்பு என்று எந்தக் கட்டத்திலும் அந்தக் கல்லூரிகள் தேறாது. அப்பா கல்லூரி ஆசிரியர், அது பெரிய பலம் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் படிப்பேன் என்று நின்றவர் அந்தப் பெண்.

"நம்ம மலைப் பொண்ணு ஜட்ஜி ஆயிருக்குதே, அதுமாதிரி" என்றார் கடைக்கார அம்மா. ஸ்ரீபதியைச் சொல்கிறார். ஜவ்வாது மலைப் பழங்குடிப் பெண். 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றது 2024 பிப்ரவரியில் செய்தியானது. குழந்தை பெற்ற சில நாட்களில் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதியதை நாளிதழ்கள் விரிவாக எழுதின. சட்டம் படிக்கலாம் என்று அவர் எப்போது, ஏன் முடிவெடுத்தார் என்பதை நான் படித்த செய்திகளில் தேடினேன். பிரசவ வலிக்குக் கிடைத்த இடம் அந்த முடிவுக்குக் கிடைக்கவில்லை.

அதற்குள் டம்ளர்களைக் கழுவி முடித்திருந்த மகள் முதன்முறையாக வாய் திறந்தாள். "சேர்ந்த அப்புறம் புடிக்கலன்னா மாறிக்க முடியுமா மேடம்?"

அம்மா அதட்டினார். "சேர்றதுக்கு முன்னாடியே பாரு பேச்ச!"

என் இணைப்பிதழ்களில் இந்தக் கேள்வி இல்லை. பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த இடத்திலிருந்து திரும்பி வருவதைப் பற்றி அவை ஏன் பேசப்போகின்றன?

இந்த முறை அவளைப் பார்த்துச் சொன்னேன். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரவேண்டும், குறித்த நாட்களுக்குள் விலகினால் கட்டணத்தையும் திருப்ப வேண்டும் என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. கொடுக்க மாட்டோம் என்று சொன்னால் எழுதிக் கேள். வேறு பாடத்துக்கு மாறுவது கஷ்டம். இடம் காலியாக இருக்க வேண்டும், முதல் சில வாரங்களிலேயே கேட்டுவிட வேண்டும்.

"யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்? முதல்வருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தாள்.