நாயகனின் நிறம், சாமியின் பிறப்பு

மாயக்கதைகளைச் சின்னத்திரைக்குக் கொண்டுபோகும்போது 'சில மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை' என்கிறார்கள். சரி, மாத்தட்டும். ஆனால் எது மாறுகிறது, எது மாறாமல் பத்திரமாக இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது நம் வேலை.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் தொடங்கிய 'எர்த்ஸீ' நாவல் வரிசையில் மந்திரவாதி கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுகளின் சனங்களில் பெரும்பாலோர் பழுப்பு, கறுப்பு நிறத்தவர். யோசித்தேதான் அப்படி எழுதினார். 2004 டிசம்பரில் ஸை ஃபை சேனலில் தொடராக வந்தபோது கெட் வெள்ளையனாகிவிட்டான். குருநாதர் வேடத்துக்கு டேனி குளோவர் என்ற கறுப்பின நடிகர். ஒப்பந்தத்தில் ஆசிரியருக்கு ஆலோசகர் என்ற பேர் இருந்தது, அதிகாரம் இல்லை. பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். மந்திரத்தை நம்பவைக்கத் தெரிந்தவர்களுக்குப் பழுப்பு நிற நாயகனை நம்பவைக்கத் தெரியலையாம்!

வெள்ளைக்காரன் சங்கதி என்று இதை ஒதுக்கவேண்டாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'மதுரை வீரன்' படத்தில், அருந்ததியர் வீட்டில் வளர்ந்த வீரன் பிறப்பால் அரசகுமாரன். வளர்த்த தாய்தகப்பன் என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும், அதாவது நகைச்சுவைப் பங்கு. கதைப்பாடலிலேயே ராஜா மகன் என்ற பிறப்புக்கதை உண்டுதான். அது பிற்பாடு ஒட்டவைத்தது என்று தலித் ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட சாவு சேரிக்கு, பிறப்பு மட்டும் அரண்மனைக்கு!

இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா', 1990களின் பிற்பகுதியில் சன் டிவியின் 'மர்மதேசம்' வரிசையில், நாகா இயக்கத்தில் 'விடாது கருப்பு' ஆனது. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் நடுங்கிய தொடர். எடுத்த நேர்த்தியைக் குறைசொல்ல மாட்டேன். சாமி பயத்தை மனநோயியல் கொண்டு விசாரித்ததும் துணிச்சல்தான். என் கேள்வி வேறு. கருப்பன் ஏன் ஊர் எல்லையில் நிற்கிறான்? அழகர்கோயிலிலும் அவன் இடம் வாசற்கதவுதானே? காவலுக்கு வேணும், உள்ளே வரக்கூடாது என்ற ஏற்பாடு யாருடையது? இந்தச் சாதிக் கேள்வி அங்கே மர்மமாகவே ஆகவில்லை. தண்டிப்பது யார் என்பதே மர்மம். பயம் கிராமத்துச் சனத்துக்கு, விளக்கம் படித்தவர்களுக்கு என்று பங்கு பிரிந்துவிட்டது.

எங்க படப்பை வழியாக ஷிப்ட் பஸ்ஸில் ஒரகடம் போகிற பிள்ளைகள் செல்போனில் தமிழ் பேசும் டிராகன் தொடர்களைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பார்க்கட்டும். நாள் முழுக்க மெஷினோடு நிற்கிறவங்களுக்கு அற்புதம் வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் தோழர்களே, அவங்க விட்டு வந்த ஊர்களின் எல்லையிலும் சாமிகள் நிற்கின்றன. கொலையுண்ட மனுசரே சாமியான கதைகள் அவற்றில் உண்டு. பாட்டி சொன்னதை இப்போதே எழுதி வையுங்கள்: பெத்தது யார், வெட்டினது யார், எதுக்காக. நாளைக்கு யாராவது காமிராவோடு வருவார்கள். அன்றைக்கு அந்தச் சாமியின் பிறப்புக்கு நம்மிடம் எழுத்தில் சாட்சி இருக்கணும்.