மோட்டார் மேல் ஒரு காது

பழைய மில் ஃபிட்டர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்குரூடிரைவர் முனையை பேரிங் மூடிமேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார்கள். கிரீஸ் வறண்டதா, பேரிங் தேய்ந்ததா என்று இரைச்சலே சொல்லிவிடும்.

இன்று அதே இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் அதிர்வு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. பலவற்றுக்கு ஒயரே கிடையாது; பேட்டரி சில ஆண்டுகள் தாங்கும். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார், நொடிக்கு 24 முறை சுழல்கிறது. அதிர்வு அந்த 24 ஹெர்ட்ஸில் தூக்கலாக இருந்தால், சுழலும் பாகத்தின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். 48-இல் எகிறினால், கப்ளிங் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரிங்கின் ஓடுபாதையில் விழுந்த சின்னக் கீறல் இன்னும் மேலே, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் முதலில் தலைகாட்டும். காதுக்கு அது எட்ட இன்னும் நாளாகும்.

எனக்குப் பிடித்தது இந்த சென்சாரின் அடக்கம். அளந்ததையெல்லாம் சர்வரில் கொட்டாமல், தானே கணக்குப் போட்டு, தேவையான சில எண்களை மட்டும் அனுப்பிவிட்டு உறங்கப் போய்விடுகிறது. இப்போதே மோட்டாரை நிறுத்துவதா, ஷிஃப்ட் முடியும்வரை ஓட்டுவதா என்பதை மட்டும் ஃபிட்டரிடம் விட்டுவிடுகிறது.